கணக்கை வாடகைக்கு விடுவதும் களவே!

“நான் யாரையும் ஏமாற்றவில்லை, என் வங்கிக் கணக்கைத்தான் கொடுத்தேன்” என்கிறார்கள், இணைய மோசடி வழக்கில் சிக்கும் இளைஞர்கள். இந்தச் சமாதானத்தை நாம் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது! திருடனுக்கு ஏணி பிடித்தவன், “நான் வீட்டுக்குள் நுழையவில்லையே” என்றால் ஊர் விட்டுவிடுமா?

களவு எப்படி நடக்கிறது? சி.பி.ஐ. அதிகாரி என்று சொல்லி ஒருவன் வீடியோ அழைப்பில் வருகிறான். “உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டுகிறான். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைச் சொன்னார். ஆனாலும் பயந்துபோன முதியவர் ஆயுள் முழுதும் சேர்த்ததை அனுப்பிவிடுகிறார். அந்தப் பணம் மிரட்டியவன் பெயரிலுள்ள கணக்குக்கா போகிறது? இல்லை! ஏதோ ஒரு கூலித் தொழிலாளியின் கணக்குக்கு, வேலையில்லாப் பட்டதாரியின் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து பல கணக்குகளாகப் பிரிந்து, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறி மறைகிறது. வாடகைக் கணக்கு இல்லையென்றால் இந்தக் களவே நடக்காது!

தோழர்களே! பிழைக்க வந்த ஊரில் இந்தத் தரகர்கள் தேடுவது நம்மைப் போன்றவர்களைத்தான். “பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு கொடு, உட்கார்ந்த இடத்தில் கமிஷன் வரும்” என்பான். சொல்பவன் ஒரே ஊர்க்காரனாகவும் இருப்பான். போலீஸ் வரும்போது அவன் இருக்கமாட்டான். கணக்கில் இருப்பது உங்கள் பெயர்! மொழி தெரியாத மாநிலத்தில், ஜாமீனுக்குக் கையெழுத்திட ஆளில்லாமல் நிற்கப்போவது நீங்கள்! திருட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்குவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு குற்றமென்கிறது.

“கோடி கோடியாய்ச் சுருட்டியவர்கள் சுகமாக இல்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள், அவர்களையும் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் இங்கே பறிபோவது அவர்கள் பணமா? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், வைத்தியத்துக்கு வைத்திருந்த பணம்! முகம் தெரியாததால் அவன் மனிதனில்லை என்றாகிவிடுமா? “ஏமாந்தவன் முட்டாள்” என்பது திருடன் கட்டிவிட்ட நியாயம்.

வங்கிகளையும் கேட்கிறோம்: மாதம் சில ஆயிரம் புரளும் கணக்கில் ஒரே நாளில் லட்சங்கள் வந்து போகும்போது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க ‘மியூல்ஹன்டர்’ என்ற கருவியை ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது. மினிமம் பேலன்ஸ் குறைந்தால் உடனே அபராதம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கவா தெரியாது?

வங்கி தூங்கினாலும் நாம் தூங்கலாகாது. கணக்குக் கேட்டு வருபவனை, அவன் சொந்தக்காரனே ஆனாலும், வாசலோடு திருப்பி அனுப்புங்கள். ஏமாந்தவர் எவராயினும், எந்த மொழிக்காரராயினும், வெட்கப்படவிடாமல் உடனே 1930-க்குத் தொலைபேசி செய்யச் சொல்லுங்கள். முந்தினால் பணத்தை முடக்க வழியுண்டு. உழைத்துப் பிழைக்க வந்தோம். பிறர் உழைப்பைத் திருட அல்ல!