கிராமத்துப் பெற்றோர் குற்றவாளிகளா?

"கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, அவர்தம் பெற்றோருக்கு அக்கறை இல்லை." திருகோணமலைப் பட்டினத்தில் கற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கும் தீர்ப்பு இது. விசாரணையின்றி வழங்கப்பட்ட இத்தீர்ப்பினை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1795 இல் திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957 வரை தம் கடற்படையை இத்துறைமுகத்தில் நிறுத்தியிருந்தனர். 160 ஆண்டுகளுக்கு மேலாக இக்கரையில் ஆங்கிலம் ஒலித்தது. எனினும், ஆங்கிலப் பாடசாலையின் கதவு கட்டணம் செலுத்த வல்லார்க்கே திறந்தது. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் மலர்ந்த இலவசக் கல்வியும், தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்தன. இதனை எழுதுபவனும் அதன் பயனை நுகர்ந்தவனே. ஆனால், ஆங்கிலம் மட்டும் பழைய கதவுக்குள்ளேயே தங்கிவிட்டது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் அதனை இணைப்பு மொழி என்றது. தென்னிலங்கைச் சிங்கள இளைஞரோ அதனைக் 'கடுவ', அதாவது வாள், என்றனர். தெற்கே சிங்களக் கிராமத்தானை வெட்டிய அவ்வாள், கிழக்கே தமிழ், முஸ்லிம் கிராமத்தாரையும் விட்டுவைக்கவில்லை.

அக்கறை இல்லையாம்! 2006 இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். 2015 இலிருந்தே அவர்களுக்குக் காணிகள் மீளக் கிடைக்கத் தொடங்கின. அவ்விடைக்காலத்தில் முகாமிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரை நோக்கி இச்சொல்லைக் கூறுவது அறமாகுமா?

நான் கற்ற கிராமப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இன்றியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் வந்த ஆசிரியர் என் தந்தையாரை அழைத்து, "வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதில்லையா?" எனக் கேட்டார். படகின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகையில் கியர், பிளக், புரொப்பெல்லர் எனத் தடையின்றி உரைப்பவர், அன்று தலைகுனிந்து நின்றார். அதன்பின் அவர் அப்பாடசாலை வாயிலை மிதிக்கவில்லை. அக்கறையின்மை என நாம் பெயரிடுவது பெரும்பாலும் இந்த நாணத்தையே அன்றோ?

பெற்றோர் ஆங்கிலம் அறியாதிருப்பது குற்றமன்று; அறிந்த பெற்றோரை எதிர்பார்த்துப் பாடசாலை நடத்துவதே குற்றம். தாய்மொழியில் வேரூன்றிய எழுத்தறிவு இரண்டாம் மொழிக்கு உரமாகும் எனக் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 இல் வாதிட்டார். ஆகவே, தாய் தமிழில் கதை சொல்வதும், பிள்ளையைத் தமிழில் வாசிக்கச் செய்து கேட்பதும் ஆங்கிலக் கல்விக்கு அவள் செய்யும் உதவியே. இதனை அவளிடம் தமிழிலேயே எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை. இரவிற் கடலுக்குச் செல்வோரைக் காலையிற் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, வரவில்லை எனக் குறைகூறுவதை விடுத்து, அவர்கள் கரையில் இருக்கும் வேளையிற் கூட்டம் கூட்டுக. வீட்டுப் பாடத்தை மாலையிற் பாடசாலையிலேயே செய்விக்குக. ஆங்கில ஆசிரியரை நியமித்த மறுவருடமே பட்டினத்துக்கு இடமாற்றும் வழக்கத்தை ஒழிக்குக.

அதிகாரிகளை மட்டும் சாடுவது எளிது. கஷ்டப் பிரதேசம் என்றதும் நியமனக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு சிபார்சு தேடப்போகின்றவர் யார்? நாளைய பட்டதாரிகளான நாமல்லவா? ஏறிய ஏணியை எட்டி உதைக்கும் தலைமுறை என்னும் பழி நமக்கு வேண்டாம். தமிழ்ச் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். மூதூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் தமிழ் பேசும் ஒரு தந்தை பாடசாலை வாயிலில் தலைகுனியாதிருக்கச் செய்வதே அந்த வேலை. வரும் விடுமுறையிலேயே அதனைத் தொடங்குவோம்.