பிபிடி மூட்டையும் உரிமப் பத்திரமும்

அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எட்டிப் பார்த்தவர்களுக்குப் பிபிடி மூட்டைகளைத் தெரியும். ஆந்திரா பொன்னி, டீலக்ஸ் பொன்னி என்று வியாபாரிகள் வாயில் அதற்குப் பல பெயர். நமக்கு அது பிபிடி 5204, சம்பா மசூரி. பாபட்லா நிலையம் 1986இல் வெளியிட்ட ரகம்.

அதன் வம்சாவளியை இளம் ரக உருவாக்குநர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஜிஇபி 24 கோயம்புத்தூரில் தெரிவு செய்தது. தைச்சுங் நேட்டிவ் 1 தைவானின் குட்டை ரகம். மூன்றாவதான மசூரி கட்டாக்கில் கலப்புச் செய்து, மலேசியாவில் தெரிவாகி, 1965இல் அங்கே வெளியானது. அதன் பெற்றோரில் தைவானின் தைச்சுங் 65 ஒன்று, மலாயாவின் மயாங் எபோஸ் இன்னொன்று. நம் பொன்னியும் இந்த மசூரிதான். இத்தனை எல்லைகளைக் கடந்த விதைக்கு யாரும் உரிமக் கட்டணம் கேட்கவில்லை. காப்புரிமை இருந்தால்தான் தொழில்நுட்பம் நாடு விட்டு நாடு பரவும் என்பார்கள். மருந்துக்கும் இயந்திரத்துக்கும் அது பொருந்தலாம். நெல்லின் மகசூலை உயர்த்தியது அரசு நிலையங்கள் தமக்குள் நடத்திய விதைப் பரிமாற்றம்.

காப்புரிமை குறுக்கே வந்தபோதும் நமக்கு வேறு வழி இருந்தது. ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ21, பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மரபணு. 1995இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்த கலிபோர்னியா பல்கலைக்கழகம் காப்புரிமையும் பெற்றது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் அந்த டிஎன்ஏ துண்டைத் தேடிப் போகவில்லை. மரபணுவைச் சுமந்த செடியோடு சம்பா மசூரியைக் கலந்து, மீண்டும் சம்பா மசூரியோடு பின்கலப்புச் செய்து, மூலக்கூறுக் குறியீடுகளால் சலித்தெடுத்து, 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியைத் தந்தன. மகரந்தத்துக்கு உரிமம் வேண்டியிருக்கவில்லை.

மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பரில் அப்படிச் சுற்றிப் போக முடியாது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட டிஆர்ஆர் தான் 100, அதாவது கமலா, சம்பா மசூரியின் மரபணு திருத்திய வடிவம். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடிக்கும் விதைக்கும் காப்புரிமை மறுக்கிறது. ஆனால் திருத்தும் கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கின்றன. 47ஆம் பிரிவு ஆய்வுக்கு விலக்குத் தருகிறது. விதை விற்பனைக்குத் தரவில்லை.

சிக்கல் கட்டணத் தொகையோடு முடிவதில்லை. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் (2001) தன் 39ஆம் பிரிவில், விதையை எடுத்துவைக்கவும் மறுபடி விதைக்கவும் பக்கத்துக் கழனிக்காரரோடு மாற்றிக்கொள்ளவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்கத்தான் தடை. மூட்டைக்கு இவ்வளவு என்று காப்புரிமையாளர் கேட்டால், செஞ்சியில் அடுத்த போகத்துக்கு வீட்டில் கட்டிவைத்த விதைக்கு யார் கணக்குச் சொல்வது? ஆகவே ஒரே தவணைக் கட்டணம், 39ஆம் பிரிவை ஏற்கும் வாசகம் ஆகிய இரண்டையும் திட்ட முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். ரகம் வயலுக்கு வந்தபின் பேரம் பேசப்போனால் விலை சொல்பவர் காப்புரிமையாளராகத்தான் இருப்பார்.