காரணமில்லாமல் ஒரு தடவை கொழும்புக்குப் போங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வருபவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன லீவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கொழும்பில் இரண்டு இரவு நின்றுவிட்டு வந்தேன். 2019க்கு முன் எங்கோ போனது. அதற்குப் பிறகு குடும்பமாக ஊரைவிட்டுக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. பாடசாலை தொடங்கியதும் ஆசிரியர் ஓய்வறையில் கேட்டார்கள்: "ஆருக்குச் சொகமில்ல சேர்?" அடுத்தவர், "பாஸ்போட் அலுவலா?" இன்னொருவர், "எயார்போட்டுக்கா? ஆரு போறா?" "ஒண்டுமில்ல, சும்மாதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "நாடு இரிக்கிற நெலமைக்கு இதெல்லாம் தேவதானா?"

கேட்டவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை, நமது ஊர்களின் கேள்வி. அதனால் பகிரங்கமாகவே பதில் சொல்கிறேன்.

கிழக்கில் இருக்கும் நாம் எதற்காகக் கொழும்புக்குப் போகிறோம்? மஹரகமைக்கு நோயாளியைக் கொண்டுபோக. கண் ஆஸ்பத்திரிக்கு வாப்பாவைக் கூட்டிப்போக. பத்தரமுல்லைக்கு பாஸ்போட் எடுக்க. கட்டுநாயக்காவில் மச்சானை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட. நமது பிள்ளைகள் தலைநகரத்தைக் கண்டதெல்லாம் கிளினிக் வரிசையிலும் வேன் கண்ணாடிக்குள்ளாலும்தான். "கொழும்புக்குப் போறோம்" என்றால் பிள்ளை சந்தோஷப்படுவதில்லை, யாருக்கோ வருத்தம் என்று பயப்படுகிறது. இது சாதாரண விசயமா?

இந்த இடைவெளி எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் பையை மடியில் வைத்திருக்கவே பயந்தோம். அடுத்த வருடம் கொரோனா. ஜனாஸாக்களை எரித்த நாட்களில் பயணம் யாருக்கு ஞாபகம் வந்தது? 2022இல் பெற்றோல் வரிசை. பிறகு விலைவாசி, வரி. 2019இல் தரம் 4இல் இருந்த பிள்ளை இன்று சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதில் நிற்கிறது. அந்தப் பிள்ளையின் முழு இளமையும் வீடு, பாடசாலை, ரியூசன் என்ற முக்கோணத்துக்குள் முடிந்துவிட்டது. அன்று வெளியில் போகாமல் இருந்ததற்கு நியாயம் இருந்தது. இன்றும் போகாமல் இருப்பது பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பேணுதல், சிக்கனம் என்று நல்ல பெயர்களை வைத்துக்கொள்கிறோம்.

சரி, வீண்விரயத்துக்கு வருவோம். கணக்கைத் திறந்தே சொல்கிறேன். மட்டக்களப்பு வரை பஸ், அங்கிருந்து இரவு ரயில். ரயிலுக்கு அரசாங்கம் தரும் வாரண்ட் இருந்தது. தெஹிவளையில் சாதாரண அறை, ஓர் இரவுக்கு 6,500 ரூபா. காலையில் பாணும் பருப்பும், பகலுக்கு சோற்றுப் பார்சல், இரவுக்குக் கொத்து. நகரத்துக்குள் பஸ்ஸும் ரயிலும், கால் நொந்தால் மட்டும் ஆட்டோ. நாலு பேருக்கு எல்லாமாக 30,000 ரூபாவுக்குள் முடிந்தது.

இது சின்னக் காசு என்று நான் சொல்லவில்லை. கூலிக்குப் போகும் சகோதரருக்கு இது பெரிய காசு. அவருக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியுமில்லை. நான் கேட்பது மாதச் சம்பளம் வாங்கும் நம்மைத்தான். ஒரே இரவில் கழற்றி எறியும் கல்யாண மேடைச் சோடனைக்கு இதைவிடக் கூடக் கொடுக்கிறோம். பெருநாளைக்கு ஒரு தடவை போட்டுவிட்டு மடித்துவைக்கும் உடுப்புக்குக் கொடுக்கிறோம். கடன்பட்டு மகளுக்குச் சீதன வீடு கட்டுகிறோம். அப்போதெல்லாம் யாரும் நாட்டு நிலைமையைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளையை நூதனசாலைக்குக் கூட்டிப்போனால் மட்டும் நாட்டின் பொருளாதாரம் ஞாபகம் வருகிறது.

அந்த வாரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனை ஆசிரியர்கள் அதை எழுதி எடுக்கிறோம்? சம்பள உயர்வுக்கு வீதியில் இறங்குகிறோம், அது சரிதான். கையில் இருக்கும் உரிமையை மட்டும் வருடாவருடம் காலாவதியாக விடுகிறோம்.

"நாங்களும் போறதானே, வேன் பிடிச்சு நுவரெலியாவுக்கு" என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. அந்த வேனில் பெண்கள் எப்படிப் போகிறார்கள்? விடியச்சாமம் இரண்டு மணிக்கு எழும்பி சோறும் கறியும் கட்டுகிறார்கள். வேனில் சட்டியும் கேஸ் அடுப்பும் ஏறுகிறது. ஆண்கள் படம் எடுக்கும்போது அவர்கள் வீதியோரத்தில் வெங்காயம் வெட்டுகிறார்கள். குசினிதான் நுவரெலியாவுக்குப் போய்வருகிறது. நமது ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கும் மையத்து வீட்டுக்கும் அல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள்? காலிமுகத்திடலில் ஒரு கல் நிற்கிறது. 1859இல் அந்த நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் அதைப் பேணுமாறு தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொண்டதாக அதில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு 1859இல் வந்த அந்த எண்ணம் நமக்கு இன்னும் வரவில்லை.

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கித் தந்தது, நோன்பைப் பிற்படுத்த அனுமதித்தது, ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரையும் சேர்த்தது நமது மார்க்கம். மனிதன் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றால் இத்தனை சலுகைகள் எதற்கு? இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்தார், பாவாதமலை ஏறினார், கொழும்பையும் கண்டு எழுதிவைத்தார். எங்கேயோ மொரோக்கோவில் பிறந்தவர் பார்த்த ஊரை, ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கும் நாம் பார்ப்பது மட்டும் எப்படி வீணாகும்?

இனி முக்கியமான விசயம். தேசிய நூதனசாலையில் காலியில் கண்டெடுத்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரியது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கை. பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையில். 1877இல் திறந்த அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தவரும் நம்மவர்தான், வாப்பிச்சி மரிக்கார். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளி சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது. வேற்று மதத்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அதைப் பார்த்துப் போகிறார்கள். நமது பிள்ளைகளுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

"நீங்கள் வந்தேறிகள்" என்று யாரும் சொன்னால் ஃபேஸ்புக்கில் பொங்குகிறோம். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கல்லைக் காட்டியிருந்தால் அது பொங்கத் தேவையில்லை, அமைதியாகப் பதில் சொல்லும். 2019க்குப் பிறகு வளர்ந்த முஸ்லிம் பிள்ளைக்கு இந்த நாட்டில் தனக்கு இடம் உண்டு என்பதை மேடைப் பேச்சால் நம்பவைக்க முடியாது. கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

"அபாயாவோட போனா ஒருமாதிரிப் பார்ப்பாங்க" என்கிறார்கள். சிலர் பார்த்தார்கள்தான். பஸ்ஸில் என் மகள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் டிக்கட் கேட்டாள். இரண்டாம் மொழிப் பாடத்தில் நல்ல புள்ளி எடுப்பவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிங்கள மனிதரோடு அந்த மொழியைப் பேசினாள். கொண்டக்டர் சிரித்துக்கொண்டே ஒரு சொல்லைத் திருத்திவிட்டு மீதிக்காசைக் கொடுத்தார். ஒரு வருடப் பாடம் அது. நாம் ஒளிந்திருந்தால் டிவி சொல்வதுதான் அவர்களுக்கு நாம்; ஃபேஸ்புக்கில் வருவதுதான் நமக்கு அவர்கள்.

"கடல் பார்க்கவா கொழும்புக்கு? நம்மட கடல் இல்லையா?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். கிழக்கில் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. பதினைந்து வயது மகன் சூரியன் கடலுக்குள் இறங்குவதை முதல் தடவையாகக் காலிமுகத்திடலில் நின்று பார்த்தான். புவியியல் பாடத்தில் நான் எத்தனை தடவை கீறிக் காட்டியிருப்பேன்!

மலேசியாவுக்கும் துருக்கிக்கும் போகச் சொல்லவில்லை. கடன்படச் சொல்லவில்லை. இரண்டு இரவு, ஒரு நகரம், கையில் ஒரு பை, அவ்வளவுதான். கொழும்பு வேண்டாமென்றால் காலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போங்கள். யாருக்கும் வருத்தம் வந்து போகாதீர்கள், சுகமாக இருக்கும்போதே போங்கள். சமையலை வீட்டில் விட்டுவிட்டு, உம்மாவையும் கூட்டிப்போங்கள்.

இந்த வருட வாரண்டை இன்னும் எடுக்காத ஆசிரியர்கள் டிசம்பருக்கு முன் விண்ணப்பத்தை எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.