ஜாதகக் கட்டமும் காசநோய்க் கணக்கும்

நமது நாட்டில் வருங்காலம் சொல்லுகின்றவர்களுக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. திருத்தணிப் பக்கத்தில் இருமல் நிற்காமல் உடம்பு இளைத்துக்கொண்டே வருகின்ற ஒரு தறிக்காரனுடைய வீட்டில் முதலில் எடுப்பது எதை? அவன் ஜாதகத்தை. அஷ்டமத்தில் சனி என்று ஒரு புண்ணியவான் சொல்லுவார். பரிகாரத்துக்குப் பணம் வாங்குவார். பிறகு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, மூச்சு வாங்குகின்ற அந்த மனிதனை மலையின் 365 படிகளிலும் ஏற்றுவார்கள். பிழைத்தால் முருகன் காப்பாற்றினான். செத்தால் விதி! இரண்டிலும் ஜோசியருக்கு நஷ்டமில்லை.

இப்போது வேறொரு விதத்திலும் வருங்காலம் சொல்லுகின்றார்கள். தமிழ்நாட்டில் 2022-ம் வருஷம் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். நோய் இன்னதென்று தெரிந்தவுடன் எடை, உயரம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, கால் வீங்கியிருக்கின்றதா, பிடியில்லாமல் நிற்க முடிகின்றதா என்று பார்க்கின்றார்கள். இதற்குப் பெரிய டாக்டர்கூட வேண்டியதில்லை. 2025-ல் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார், முன்னே வந்த நோயாளிகளின் விபரங்களைக் கொண்டு போட்ட ஒரு கணக்கும் இதிலே சேர்ந்தது. கம்ப்யூட்டரில் இவற்றைப் பதிந்தால், சாவு நேரக்கூடிய அளவு நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். கடுமையான நோயாளிக்கு 10 முதல் 50. மற்றவர்களுக்கு 1 முதல் 4.

"அப்படியானால் இதுவும் ஜோசியந்தானே?" என்று சில பண்டிதர்கள் கேட்கக்கூடும். அல்லவே அல்ல. ஜோசியன் சொன்னது பலித்தால் அவனுக்குக் கீர்த்தி. இந்தக் கணக்கோ, பலிக்கக்கூடாது என்பதற்காகவே போடப்படுவது. 50 என்று வந்தவனை அன்றைக்கே படுக்கையில் சேர்த்து, ஆகாரமும் பிராணவாயுவும் கொடுத்து, கணக்கைப் பொய்யாக்க வேண்டும். பிறந்த நேரத்தை யாரால் மாற்ற முடியும்? எடையை ஏற்றலாமல்லவா? அப்படியின்றி, 50 என்று எழுதிவிட்டுப் படுக்கை இல்லையென்று அனுப்பினால், அந்த ஆஸ்பத்திரி செய்ததும் ஜோசியந்தான்.

யந்திரம் சொன்னது என்பதற்காக அதற்குக் கற்பூரம் ஏற்றவும் வேண்டாம். பழைய விபரங்களில் உள்ள அநீதி புதுக் கணக்கிலும் ஏறிவிடும். அமெரிக்காவில் அப்படித்தான் ஆயிற்று. எந்த நோயாளிக்கு அதிகக் கவனிப்பு வேண்டும் என்று சொல்ல அங்கே வைத்திருந்த ஒரு கணக்கைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அது வியாதியை, வைத்தியத்துக்குச் செலவான பணத்தைக் கொண்டு அளந்திருந்தது. கறுப்பருக்கு ஆகும் செலவு குறைவு. ஆகவே அதே அளவு வியாதியுள்ள கறுப்பர், வெள்ளையரைவிடச் சுகமானவர் ஆகிவிட்டார்! சேரிக்குள் கால் வைக்காத வைத்தியன், சேரியில் வியாதியே இல்லையென்று எழுதி வைத்த கதைதான். (அங்கே நிறம், இங்கே என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.)

ஆகவே தோழர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக்கூடாது. எடை பார்த்தீர்களா, மூச்சை எண்ணினீர்களா, என் கணக்கு எவ்வளவு, படுக்கை எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள். என் விபரம் யார் யார் கண்ணில் படும் என்பதையும் கேளுங்கள். காசநோய் என்று ஊருக்குத் தெரிந்தால் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பவர்களும், தறியிலிருந்து நிறுத்துகின்ற முதலாளிகளும் இன்னும் இருக்கின்றார்கள்.