மிஷின் பாதி, கை பாதி

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் வீட்டு அலமாரியில், பாதியில் நின்ற ஒரு போர்வை நிச்சயம் கிடக்கும். வண்ணத் துண்டுகளை இணைத்து மேல்துணியை உருவாக்குவது குஷியான வேலை. அதற்கடியில் பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரம் கட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அப்படிக் கிடந்தது பாட்டியின் துணி. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். ஊருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். பாட்டி வேலைக்காட்டுக்குக் கட்டிய கைலி, தீபாவளிச் சேலை, தலைத்துண்டு எல்லாவற்றையும் வெட்டி, அம்மா மேல்துணியாக இணைத்து வைத்திருந்தார்.

முடிக்கலாம் என்று எடுத்தபோது வாக்குவாதம் வந்தது. "பாட்டி துணியப் போய் மிஷின்ல ஓட்டுறதாடி?" என்றார் அம்மா. முழுவதையும் கையால் தைக்க அவருடைய கண் இப்போது இடம் கொடுக்காது. எனவே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

இழுபடும் இடம் மிஷினுக்கு. துண்டுகள் சேரும் கோட்டை ஒட்டி நீளவாக்கில் நான் ஓட்டினேன். அதற்கு முன், மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடித்துணி மடிந்து மாட்டிக்கொள்ளும். தையலைச் சற்று நீளமாக, 3 மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். மூன்று அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் வெக்கைக்கு மெல்லிய பருத்திப் பஞ்சே போதும்.

நைந்த இடம் கைக்கு. பழைய சேலையில் மிஷின் நெருக்கமாகக் குத்தினால், அந்தக் கோட்டிலேயே துணி கிழியலாம். அங்கே அம்மா, விரலில் அங்குஸ்தான் மாட்டி, குட்டை ஊசியால் ஓட்டுத் தையல் போட்டார். ஓரத்தில் இருவரும் சேர்ந்தோம். இரண்டரை அங்குலப் பட்டையை இரண்டாக மடித்து, முன்பக்கம் நான் மிஷினில் பிடித்தேன். அதைப் பின்பக்கம் திருப்பி, தையல் வெளியே தெரியாமல் அம்மா கையால் முடித்தார்.

உழைப்பாளிகளின் பழந்துணியை உலகம் மதித்த கதையும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அங்குள்ளவர்கள் பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். அவ்வூர்ப் பெண்கள் நைந்த வேலை உடைகளைச் சேர்த்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அவை 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வந்தன. 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம்பிடித்தன.

நம் தோட்டத்துத் துணிக்கும் அந்தத் தகுதி உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான். அதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் வெயிலிலும் மழையிலும் நின்ற பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பதை நாம் வைத்திருந்தால்தான் உண்டு. லயங்கள் போன இடத்தில் இன்று தாமான்கள். துணி மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

கையால்தான் முடிக்க வேண்டும் என்று காத்திருந்தால் கரையான் முடித்துவிடும். மிஷின் இருந்தால் மிஷினில் ஓட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் கையாலேயே செய்யுங்கள்: பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து, துணி யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு முடித்தது என்று நூலால் எழுதுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.