விருந்தாளிக்கு அறை மட்டும் போதுமா?

சென்ற மாதம் விழுப்புரத்தில் உறவினர் இல்லத் திருமணம். திண்டிவனத்திலிருந்து முந்திய நாள் மாலையே சென்றிருந்தேன். இரவு விருந்து முடிந்ததும் மணமகளின் தந்தை, "மச்சான், உங்களுக்கு லாட்ஜில் அறை போட்டிருக்கிறேன். நிம்மதியாக ஓய்வெடுங்கள்" என்று கூறி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

ஐந்து இருப்புப் பாதைகள் வந்து கூடும் சந்திப்பு விழுப்புரம். அங்கே விடுதிகளுக்குக் குறைவில்லை. அறையில் கட்டில், மின்விசிறி, வெந்நீர் எல்லாம் இருந்தன. ஆயினும், பதிவேட்டில் வருகையின் காரணம் என்ற கட்டத்தில் 'திருமணம்' என்று எழுதியபோது மனம் கனத்தது. தண்ணீர் கொண்டுவந்த பையனிடம், "மேற்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டேன். சுவரைக் காட்டியவன், கீழே சென்று துவைத்த விரிப்பு ஒன்றை எடுத்து வந்து, "தொழுகைக்குத்தானே பாய்?" என்றான். நம் பகுதிக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக அமையும். விரிப்பைத் திருப்பிப் போட்டுத் தொழுதேன். அவ்விரவில் என்னை விருந்தாளியாக நடத்தியவன் அவன் ஒருவனே.

விடுதியில் தங்குவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. எவரும் குடியிராத இல்லங்களில் பயன் கருதி நுழைவதற்கு அந்நூர் அத்தியாயத்தின் 29ஆம் வசனம் அனுமதி அளிக்கிறது. விரிவுரையாளர்கள் வழிப்போக்கர் சத்திரங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஆனால், விருந்தாளியின் உரிமை வேறு. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு, மூன்று நாள்கள் விருந்து, அதற்கு மேற்பட்டது தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். வீட்டாருக்குச் சங்கடம் உண்டாகுமளவு தங்கலாகாது என்று விருந்தாளிக்கும் எல்லை வகுத்தார்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள், முன்பின் அறியாத விருந்தினர்க்குக் கன்றின் இறைச்சியைத் தாமே கொண்டுவந்து அருகில் வைத்தார்கள்.

மச்சான்மீது எழுந்த வருத்தம் நெடுநேரம் நீடிக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவுக்கு வந்த முதிய ஆலிம் ஒருவரை, வீட்டில் இடம் போதாது என்று திண்டிவனத்தில் ஒரு விடுதியில் விட்டுவந்தவன் நான்! மறுநாள் காலை 9 மணிக்குச் சென்றபோது, தேநீர்கூட அருந்தாமல் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். "ஒன்றும் சிரமமில்லை" என்றார். விருந்தோம்பல் பற்றிய ஹதீஸைப் பாடம் நடத்துகிற எனக்கு, அச்சொல்லின் பொருள் விழுப்புரத்தில்தான் விளங்கிற்று.

திண்ணை வைத்த வீடுகள் அருகிவிட்டன. பெண்கள் இருக்கும் சிறிய வீட்டில் இருபது பேரைத் தங்கவைக்கவும் இயலாது. ஆகவே அறை எடுத்துக் கொடுப்பது தவறன்று. ஆனால், உடன் சென்று கிப்லாவைக் காட்டி, பத்து நிமிடம் அமர்ந்து பேசி, காலை உணவுக்கு வீட்டுக்கு அழைத்துவர நமக்கு என்ன செலவு?

ஊர் திரும்பியதும் அந்தப் பெரியவரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கோரினேன். "அடுத்த முறை உங்கள் வீட்டில்தான்" என்று சிரித்தார். இன்ஷா அல்லாஹ்! விருந்தாளியைக் கண்ணியப்படுத்தும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.