யாருக்கும் இல்லாத பெயர் எதற்கு?

குழந்தைக்குப் பெயர் தேடும் வீடுகளில் இன்று முதல் நிபந்தனை, "யாருக்கும் இல்லாத பெயரா இருக்கணும்" என்பதுதான். பொருள், ஓசை, குலசாமி எல்லாம் அதற்குப் பிறகு. சொந்தத்தில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது, தெருவில் இருக்கக் கூடாது, கேட்பவர்கள் "புதுசா இருக்கே" என்று ஒரு தடவையாவது புருவம் உயர்த்த வேண்டும். மாதக்கணக்கில் கைபேசியில் தேடி, பட்டியல் போட்டு, பெரியவர்களோடு மல்லுக்கட்டி, தொட்டில் போடும் நாளில் ஒருவழியாக அந்தப் பெயர் காதில் சொல்லப்படுகிறது. மூன்று வருடம் கழித்து எல்.கே.ஜி. வருகைப் பதிவேட்டில் பார்த்தால் அதே பெயரில் இன்னும் இரண்டு பிள்ளைகள். ஆசிரியை முன்னெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுகிறார். பெற்றோருக்கு முகம் சுண்டிவிடுகிறது. கடலூர், சிதம்பரம் பக்கம் மட்டுமல்ல, தமிழ் பேசும் எல்லா ஊரிலும் இந்த ஏமாற்றம் உண்டு. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அரிய பெயரை நாம் தேடும் விதமே அதைப் பொதுப் பெயராக்கிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, நம் பிள்ளையின் பெயர் இன்னொரு பிள்ளைக்கும் இருப்பதால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

பெரும்பாலான வீடுகளில் தேடல் தொடங்குவது ஜாதகத்திலிருந்து. நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் பாதம் நான்கு, ஆக மொத்தம் 108 எழுத்து. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒரு பாதத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். அப்படியானால் புனர்பூசம் நடக்கிற நாளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் பிறக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் கே, கோ, ஹ, ஹி என்ற நாலே எழுத்துதான். கேசவன், கோமதி எல்லாம் தாத்தா பாட்டி காலத்துப் பெயர் என்று முதலிலேயே கழிந்துவிடும். 'ஹ' வாய்த்தவர்கள் ஹரிஷும் ஹரிணியும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள் என்று தள்ளுவார்கள், ஹன்சிகா நடிகை பெயர் என்று தள்ளுவார்கள், கடைசியில் ஹர்ஷித், ஹர்ஷிதா என்று வந்து நிற்பார்கள். அதே மதியம் அடுத்த வார்டில் இன்னொரு தகப்பன் அதே எழுத்தைக் கைபேசியில் தட்டி, அதே பட்டியலைத் திறந்து, அதே காரணங்களுக்காக அதே பெயர்களைக் கழித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இருவரும் ஒரே வயது என்பதால் பள்ளியில் சேருவதும் ஒரே ஆண்டில். ஜாதகமே பார்க்காமல் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் தப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. சின்னதாக இருக்க வேண்டும், கொஞ்சம் 'ழ' வர வேண்டும், 'இனி' என்றோ 'இலன்' என்றோ முடிய வேண்டும் என்று எல்லோர் காதும் ஒரே காலத்தில் ஒரே ஓசைக்குப் பழகியிருக்கிறது. யாழினி, மகிழினி, எழிலன், முகிலன் என்று அவர்கள் வந்து சேரும் இடமும் நெரிசலான இடம்தான்.

எண்கணிதம் பார்ப்பவர்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் 'ஏ'யை இரட்டித்துவிடு, எங்காவது ஓர் 'எச்' சேர்த்துவிடு, பெயர் தனித்துவிடும் என்கிறார்கள். வாசலில் நின்று கூப்பிடும்போது அந்த 'எச்' யார் காதிலும் விழாது. ஆனால் ஆதாரில் ஒரு விதமாகவும் மாற்றுச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் ஏறிவிட்டால், அந்த ஓர் எழுத்துக்காகப் பாஸ்போர்ட் எடுக்கும் வயதில் அலையப் போவது பிள்ளைதான்.

இந்தப் பித்து நம்முடையது மட்டும் அல்ல. 1984இல் வந்த 'ஸ்பிளாஷ்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு கடற்கன்னி நியூயார்க் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தனக்கு 'மேடிசன்' என்று பெயர் வைத்துக்கொள்வாள். அதெல்லாம் ஒரு பெயரா என்பதுதான் அங்கே நகைச்சுவை. 2001இல் அமெரிக்கப் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களில் இரண்டாம் இடம் மேடிசனுக்கு! சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் பெயர்களின் நாகரிகத்தைப் பற்றி 2000இல் ஒரு தனி நூலே எழுதினார். பெயருக்கு விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனியும் இல்லை. இருந்தும் துணிமணியைப் போலவே பெயரிலும் அலை எழுந்து அடங்குகிறது, ஏற்கெனவே பழகிய ஓசையிலிருந்து சற்றே விலகிய ஓசையைத்தான் மக்கள் புதுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. ஹரிஷிலிருந்து ஹர்ஷித்துக்கு நாம் நகர்ந்ததும் இந்த வழியில்தான்.

நம் மூத்த தலைமுறை பெயர் வைத்தது நேர் எதிரான நோக்கத்தோடு. சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோயிலின் ஒரு சந்நிதியிலிருந்து எத்தனை பெயர்கள்: நடராஜன், அம்பலவாணன், சபாபதி, சபாநாயகம், சபாரத்தினம், கனகசபை, பொன்னம்பலம், திருச்சிற்றம்பலம், கூத்தன், தில்லைநாயகம், சிவகாமி, சிவகாமசுந்தரி. அதே வளாகத்தில் பள்ளிகொண்ட பெருமாளிடமிருந்து கோவிந்தராஜன், தாயாரிடமிருந்து புண்டரீகவல்லி. ஊர்ப் பெயரே ஆள் பெயராகிச் சிதம்பரம் என்றும் தில்லை என்றும் கூப்பிடப்பட்டவர்கள் தனி. பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இராமலிங்கத்தின் அண்ணன் பெயர் சபாபதி. இந்தப் பெயர்கள் கடல் கடந்தும் போயின. இலங்கை அரசியலில் பெரும் பெயர் எடுத்த பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் தந்தை பெயராகச் சுமந்தது தில்லைக் கூரையின் பெயரை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்துக்கு வந்து சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியபோது, அந்த ஊர் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏற்கெனவே ஆள் பெயராகக் குடியிருந்தது. ஒரு பெயரைப் பல பேர் வைத்துக்கொண்டதால்தான் தில்லையோடு இருந்த அந்த உறவு தெரிந்தது. ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது ஒரு வீட்டுச் சங்கதியோடு முடிந்திருக்கும்.

இதன் உச்சம் பெரியபுராணத்தில் இருக்கிறது. பண்ருட்டி பக்கம் திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராகி, திருநாவுக்கரசராக மாறி, சம்பந்தர் வாயால் அப்பர் ஆனவரை நமக்குத் தெரியும். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டு அவர் கரையேறிய இடம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் என்பது நம்பிக்கை. அவரை நேரில் பார்த்தே இராத திங்களூர் அப்பூதி அடிகள் தண்ணீர்ப் பந்தலுக்குத் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார், வீட்டுப் பசுவுக்கும் அளவைக்கும்கூட அதே பெயர். பெற்ற பிள்ளைகள் இருவர்: ஒருவன் மூத்த திருநாவுக்கரசு, இன்னொருவன் இளைய திருநாவுக்கரசு. ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஒரே பெயர்! இன்றைய பெற்றோர் மயங்கி விழுவார்கள். சேக்கிழார் இதைக் குழப்பமாகவோ கேலியாகவோ சொல்லவில்லை. தகப்பனின் அன்பு எவ்வளவு என்பதற்கு அளவுகோலாகச் சொல்கிறார். பெயர் என்பது இன்னாருடைய நினைவில் வைத்தது என்ற எண்ணம் அங்கே தெளிவாக இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வழக்கமும் அதே எண்ணத்தின் வீட்டு வடிவம்தான்.

உள்ளபடியே அபூர்வமான பெயர் வேண்டுவோருக்கு ஒரு செய்தி: அது கைபேசியில் கிடைக்காது, பாட்டியிடம் கிடைக்கும். விருத்தாசலத்துக்கு அருகே மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பரின் பெயரால் கொளஞ்சி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சென்னையிலோ திருப்பூரிலோ ஒருவர் "என் பேரு கொளஞ்சி" என்றால், "விருத்தாசலம் பக்கமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. யாழினியிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடியாது; அவள் நாகர்கோவிலாகவும் இருக்கலாம், டொரன்டோவாகவும் இருக்கலாம். திருவந்திபுரத்துத் தேவநாதனும் செங்கமலமும் அப்படித்தான் ஊரைச் சொல்லும் பெயர்கள். அஞ்சலை என்ற பெயர் இந்த மண்ணில் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தது. கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலை அம்மாள் 1927இல் சென்னையில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றவர், பிறகு சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அந்த மகளுக்குக் காந்தி லீலாவதி என்று புதுப் பெயர் வைத்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அம்மாக்கண்ணு அன்று வீட்டுக்கு வீடு இருந்த பெயர், இன்று தேடினாலும் அகப்படாது. அரசியல் மேடைகளில் அஞ்சலை அம்மாளின் படத்துக்கு இப்போது மறுபடியும் மரியாதை கிடைக்கிறது. பேத்திக்கு அந்தப் பெயரை வைக்க எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்?

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் வரும், அதைச் சும்மா கடந்து போக முடியாது. பழைய பெயர் என்றால் பழைய சாதி. பெயரைக் கேட்டே எந்தத் தெரு என்று தெரிந்துகொண்ட சமூகம் இது. அழகான பெயரை வைத்தாலும் முழுசாகக் கூப்பிட மறுத்து அதைக் குறுக்கி இழிவுபடுத்திய ஊர்கள் இவை. முகவரி இல்லாத புதுப் பெயர்தான் எங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னால், அந்த நியாயத்தை மறுக்க எனக்கு வாயில்லை. குப்பனும் பிச்சையும் திரும்பி வர வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. ஆனால் இதே மண்ணில் அந்த இழிவை எதிர்த்தவர்கள் என்ன பெயர்களைத் தேர்ந்தார்கள் என்று பாருங்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் தொடங்கியபோது வைத்தது நந்தனார் பெயர், எல்லோரும் அறிந்த, கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரின் பெயர். சிதம்பரம் தொகுதியிலிருந்து பலமுறை மக்களவைக்குப் போன தொல். திருமாவளவன் தமிழ்ப் பெயர் சூட்டுவதை ஓர் இயக்கமாகவே நடத்தி, தன் தந்தை ராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். அவர்கள் தேடியது யாருக்கும் இல்லாத பெயரை அல்ல. எல்லோருக்கும் உரியதாக இருந்தும் தங்களுக்கு மறுக்கப்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். சாதியை மறைக்கும் பெயருக்கும் சாதியை மீறும் பெயருக்கும் உள்ள தூரம் அதுதான்.

அடுத்தது நடைமுறைச் சிக்கல். ஒரே பெயரில் பலர் இருந்தால் வங்கியில், மருத்துவமனையில், காவல் நிலையத்தில் ஆள் மாறிவிடாதா? மாறலாம். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள், அவர்களில் பலருக்கு முன்னெழுத்தும் 'ஓ'தான். ஆனாலும் பலாப்பழச் சின்னத்தைத் தேடிப் பிடித்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். (பலாப்பழம் பண்ருட்டிக்காரர்கள் சின்னமாயிற்றே என்று இங்கே சிலர் பொறாமைப்பட்டிருக்கலாம்.) பெயர் ஒன்றாக இருப்பவர்களைத் தடுக்கக் கோரிய வழக்கு அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, பெற்றோர் அப்படிப் பெயர் வைத்ததற்காக ஒருவரின் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியுமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். தேர்தல் ஆணையமும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. 2015 மே முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படத்தைச் சேர்த்தது. ஆளை அடையாளம் காண முன்னெழுத்து, பிறந்த தேதி, படம், ஆதார் எண் என்று எத்தனையோ இருக்கின்றன. அந்த வேலை முழுவதையும் பெயரின் தலையில் கட்ட வேண்டியதில்லை.

இணையத்தில் தேடினால் என் பிள்ளை மட்டும்தான் வர வேண்டும் என்று ஆசைப்படுவோரும் உண்டு. பதினைந்து வயதில் விளையாட்டாகப் போட்ட ஒரு பதிவு, இருபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த ஒரே பெயரைத் தேடினால் வந்து நிற்கும். ஆயிரம் கார்த்திக்குகளில் ஒருவனாக இருப்பவனுக்குக் கூட்டத்தில் மறைந்துகொள்ளவாவது இடம் உண்டு.

அரிய பெயர் வைப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. கருணாநிதி 1953 மார்ச்சில் பிறந்த மகனுக்கு ஸ்டாலின் என்று வைத்தபோது தமிழ்நாட்டில் அது புதுப் பெயர்தான். சோவியத் தலைவரின் நினைவு என்ற காரணம் அந்தப் பெயருக்கு இருந்தது. பின்னால் அதே பெயரைப் பலர் வைத்தபோதும் அந்தக் காரணம் தேயவில்லை. அருமை ஒன்றையே காரணமாகக் கொண்ட பெயருக்கு, இன்னொரு பிள்ளை அதே பெயரோடு வகுப்பில் வந்து உட்கார்ந்த அன்றே காரணம் போய்விடுகிறது. ஆகவே இளம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிறப்பை 21 நாளில் பதிவுசெய்துவிட்டால் போதும். பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது, தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரைகூட அவகாசம் உண்டு. 2023 அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால், அவசரப்பட்டு எழுதி அப்புறம் அரசிதழில் மாற்ற அலைய வேண்டாம். அந்த ஓராண்டில் ஒரு நாள் மாலை வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, மூன்று தலைமுறைப் பெயர்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பெயரை யார் நினைவாக வைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.